ஒரே சின்னம்

ஸ்ரான்லி வீதி அச்சகத்தில் எனக்கொரு கணினி,
கால் ஆடுகிற கதிரை.
வேட்புமனு முடிந்த கிழமை
ஒரே கட்சிக்காரர் இரண்டு பேர் வந்தார்கள்,
காலையில் ஒருவர், கடை பூட்டுகிற நேரம் மற்றவர்.
சின்னம் ஒன்று, நிறம் ஒன்று.
விருப்பிலக்கம் மட்டும் நான்கு, பதினொன்று.

முதலாளி யோகநாயகம் சொன்னார்:
“ரெண்டு பேரிட்டையும் காசை முதலே வாங்கு.
தோக்கிறவன் தரமாட்டான்.”

நான்கு, அருமைத்துரை மாஸ்டர்.
மாகாணசபையில் ஒரு தவணை இருந்தவர்.
ஆளுநரின் மேசையில் தேத்தண்ணி குடித்து
ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.
கைதடியில் எங்கள் ஒழுங்கை முகப்பில்
தண்ணித் தாங்கி எழும்பியது அப்படித்தான்.
குடம் வைத்துச் சரிந்த என் இடுப்பு
இரண்டு வருடமாக நிமிர்ந்திருக்கிறது.

பதினொன்று, சட்டத்தரணி வாகீசன்.
போர் முடிந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை.
குரலுக்கு மட்டும் வயது கூட.
“மாஸ்டர் ஆளுநருக்குக் கை குடுக்கிற படம் இருக்கு.
அதைப் பெருசாப் போடுங்கோ.
கீழ ஒரு சொல் காணும்.”

மூன்றெழுத்துச் சொல்.
நான் தட்டச்சு செய்யவே வேண்டியிருக்கவில்லை.
போன தேர்தல் கோப்பில்
வேறொருவர் முகத்துக்குக் கீழே கிடந்தது.
முகத்தை மட்டும் மாற்றினேன்.

படத்தைப் பெருப்பிக்க
கைகுலுக்கலுக்குப் பின்னால், ஓரத்தில்,
வடைத்தட்டோடு சிரித்தபடி வாகீசன்.
மாஸ்டரின் பையைத் தூக்கித் திரிந்த காலம்.
“உந்தக் கரையை வெட்டிவிடுங்கோ” என்றார்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.
வெட்டினேன்.

பத்து நாள் கழித்து, மழைக்குள்,
மாஸ்டர் சாரக்கட்டோடு வந்தார்.
நாவற்குழியில் ஒரு செத்தவீட்டில்
வெற்றிலைத் தட்டு அவரைத் தாண்டிப் போனதாம்.
அதைத்தான் முதலில் சொன்னார்.
கோயில் மதிலில் தன் முகத்துக்குச்
சாணி அப்பியிருந்ததைப் பிறகுதான் சொன்னார்.

“பிள்ளை, தாங்கிப் படத்தை எடுத்துவிடும்.”
எடுத்தால் வெறுமையாகக் கிடக்குமே என்றேன்.
“முட்டி ஒண்டு போடும். சிவப்பா.”
‘செய்தோம்’ என்றிருந்த இடத்தில்
‘விடமாட்டோம்’ என்று போடச் சொன்னார்.
எதை என்று நான் கேட்கவில்லை.
கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டேயிருந்தார்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு முட்டி,
பதினோராம் இலக்கத்துக்கு இறக்கியது.
அதையே இடம் வலமாகத் திருப்பினேன்.
அந்தக் கையில் ஒரு மணிக்கூடு இருந்தது.
இலக்கங்கள் கண்ணாடியில் பார்த்ததுபோல் பிரண்டு நின்றன.
அழிக்க நேரமிருக்கவில்லை, காலையில் இரண்டாயிரம் பிரதி வேண்டும்.
சாவகச்சேரி தொட்டுப் பண்ணைவரை ஒட்டினார்கள்,
ஒருவரும் கவனிக்கவில்லை.

மாஸ்டர் வென்றார்.
இருநூற்றுச் சொச்சம் விருப்பு வாக்கு.
வாகீசன் தோற்றாரா என்று
இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.
முதல் அமர்வில் மாஸ்டர் பேசியது
வாகீசனின் துண்டுப்பிரசுரம், வரிக்கு வரி.
நான் பிழை திருத்தியது, எனக்குப் பாடம்.
ஆளுநர் கூப்பிட்ட கூட்டத்துக்கு அவர் போகவில்லை.
போகாததைப் படம் பிடித்துப்
பேப்பருக்குக் கொடுத்தார்கள்: வெறும் கதிரை ஒன்று.

பங்குனியில் தாங்கியின் மோட்டர் எரிந்துபோனது.
ஒழுங்கையே கையெழுத்து வைத்த கடிதத்தோடு போனேன்.
வாசித்தார். மடித்தார்.
“உதுக்கு அந்தாளிட்டை அல்லோ போகவேணும்”
என்றவர், கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தார்.
“வைச்சிட்டுப் போம் பிள்ளை.”

இப்போது விடிய நாலரைக்கு
நல்லதண்ணிக் கிணற்றடியில் வரிசை.
எதிர்ச் சுவரில் இரண்டு முட்டி
ஒன்றையொன்று பார்த்தபடி, ஈரத்தில் உரிந்து.
எனக்கு முன்னால் நிற்பது வாகீசனின் தாய்.
கயிறு விக்கிற விலையைக் கதைத்தோம்.
அவவின் குடம் நிரம்ப
இடுப்பில் ஏற்றிவிட்டேன்.